அம்மாவோட ஐசிய (அடையாள அட்டை) முதல்ல எடுத்து காட்டுங்க, காசு அப்புறம் கட்டலாம்

மாமா வீட்டு விசேஷத்துக்கு பினாங்கு போகணும்னு கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல்ல இருந்து பட்டர்வர்த் வரைக்கும் இடிஎஸ் (வேக ரயில்) டிக்கட் போன்லயே அவசர அவசரமா மூணு போட்டேன். ஈப்போ தாண்டினப்புறம் பக்கத்து சீட்டு ஆன்ட்டி கேக்கறாங்க, "அம்மாவுக்கு வார்கா எமாஸ் டிக்கட்தானே தம்பி?" வார்கா எமாஸ்னா மூத்த குடிமக்கள், அவங்களுக்கு பாதி விலை. அம்மாவுக்கு 67 வயசு, நான் போட்டது முழு டிக்கட். அந்த ஒரு வழி காசுல அம்மா போய்ட்டு திரும்பியே வந்திருக்கலாம். தப்பு என்னோடதுதான், ஆனா வீட்டுக்கு வர்ற வரைக்கும் அம்மா அதையே சொல்லி சொல்லி காமிச்சாங்க.

அதுக்கப்புறம்தான் ஒண்ணொண்ணா விசாரிச்சேன். நம்ம மலேசியாவுல 60 வயசு ஆனா வார்கா எமாஸ், அதுக்கு பெரிய ஆதாரம் எல்லாம் வேணாம், ஐசி நம்பர்ல முதல் ஆறு எண்ணே பொறந்த தேதிதான். ஆனா யாரும் நம்ம மூஞ்சிய பார்த்து "அங்கிள் உங்களுக்கு பாதி விலை"ன்னு கூப்ட்டு கொடுக்க மாட்டாங்க, நாமதான் வாய் தொறந்து கேக்கணும், அதுவும் காசு கட்றதுக்கு முன்னாடியே கேக்கணும். கவுண்டர்ல "வார்கா எமாஸ் அடா டிஸ்கவுன் தாக்?" (மூத்த குடிமக்களுக்கு தள்ளுபடி இருக்கா?) அவ்ளோதான். எங்க அப்பா மட்டும் இருந்திருந்தா கேக்கவே விட மாட்டார், "எனக்கு என்ன வயசாச்சு"ம்பார். அந்த மாதிரி ஆளுங்கள வரிசைக்கு வெளிய நிக்க வச்சிட்டு ஐசிய மட்டும் வாங்கிட்டு போங்க.

நம்ம அரசாங்க ரயில் கேடிஎம்லதான் பெரிய மிச்சம். இடிஎஸ், இன்டர்சிட்டி, கோமுட்டர் (புறநகர் ரயில்) எல்லாத்துலயும் மலேசிய வார்கா எமாஸுக்கு பாதி விலை. ஆன்லைன்ல போட்றப்ப ஒவ்வொருத்தர் பேருக்கும் டிக்கட் வகை தேர்ந்தெடுக்கற இடம் வரும், அவசரத்துல நான் தவற விட்டது அதைத்தான், அதுல வார்கா எமாஸ் போடணும். போற அன்னிக்கு ஐசிய கைல வச்சுக்கங்க, செக்கர் கேப்பார், பேக் அடியில இட்லி பொட்டலத்துக்கு கீழ வச்சிட்டு தேடாதீங்க. பத்துமலை போறவங்களுக்கும் இதே கோமுட்டர்தான், ரயில் கோயில் வாசல்கிட்டயே நிக்கும், கிரேப் டாக்சிக்கு கொடுக்கற காசுல நாலு தடவை போய்ட்டு வரலாம்.

கேஎல் நகர ரயிலுங்க எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், அப்புறம் ரேப்பிட் பஸ் இதுக்கெல்லாம் ஐசிய காட்டினா மட்டும் பத்தாது, தனியா கன்செஷன் கார்டு (சலுகை அட்டை) எடுக்கணும். எல்லா ஸ்டேசன்லயும் செய்ய மாட்டாங்க, எந்த ஸ்டேசன்ல எடுக்கலாம்னு கேட்டுட்டு ஐசியோட பெரியவங்களையே நேர்ல கூட்டிட்டு போங்க. அந்த கார்ட தட்டினா கட்டணம் பாதியாயிடும். இதுல ஒரு கணக்கு இருக்கு. மை50 பாஸ்னு ஒண்ணு, 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினா 30 நாளைக்கு இந்த ரேப்பிட் ரயில் பஸ் எல்லாம் எத்தனை தடவை வேணும்னாலும் ஏறலாம், மலேசியர் எல்லாருக்கும் உண்டு. பாதி விலையில போக வர ஒரு நாளைக்கு 2 வெள்ளி ஆகுதுன்னு வைங்க, மாசத்துல 25 நாளைக்கு மேல போனாத்தான் மை50 லாபம். வெள்ளிக்கிழமை கோயில், மாசம் ஒரு ஆஸ்பத்திரின்னு போற அம்மாக்களுக்கு கன்செஷன் கார்டே போதும், தினம் பேரப்பிள்ளைய பார்க்க போற பாட்டிக்கு வேணா பாஸ் எடுக்கலாம். கோமுட்டர்ல மை50 செல்லாது, அதை மறந்துட்டு கேட்ல நின்னு சண்டை போடாதீங்க.

பினாங்குல ஜெட்டி, கொம்தார் பக்கம் சுத்தற கேட் (CAT) பஸ் வயசு வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும் இலவசம். கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்கு மைகாட், அதாவது நம்ம ஐசி, வச்சிருக்கற பெரியவங்களுக்கு குறைஞ்ச விலை டிக்கட் இருக்கு, ஸ்கூல் லீவுல மட்டும் போகாதீங்க, வரிசையிலேயே கால் செத்துடும்.

நிறைய பேருக்கு தெரியாதது பாஸ்போர்ட். சாதாரணமா 5 வருசத்துக்கு 200 வெள்ளி, 60 ஆயிட்டா 100 வெள்ளிதான். ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இருந்தா இலவசம். அதனால 59 முடிஞ்சு இன்னும் ரெண்டு மூணு மாசத்துல 60 தொடப்போறவங்க, அவசர பயணம் இல்லன்னா பொறந்த நாள் கழிச்சு போய் புதுப்பிங்க.

இந்தியா போறவங்களுக்கு ஒரு விசயம். அங்க உள்ள சொந்தக்காரங்க "ரயில்ல பெரியவங்களுக்கு சலுகை உண்டு"ன்னு பழைய ஞாபகத்துல சொல்வாங்க, அது 2020 மார்ச்லயே நிறுத்திட்டாங்க, அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. ஆனா கீழ் பெர்த் கோட்டா இருக்கு, ஆம்பளைங்களுக்கு 60, பொம்பளைங்களுக்கு 45 வயசுல இருந்து. அந்த கோட்டா தனியா போறவங்களுக்கு இல்லன்னா அந்த வயசு ரெண்டு பேர் சேர்ந்து போறதுக்குத்தான், அதனால குடும்பமே ஒரே டிக்கட்னு அம்மாவையும் அதுல சேர்த்துடாதீங்க, அவங்களுக்கு தனியா போடுங்க. மேல் பெர்த்ல அம்மாவ ஏத்தி விட்டுட்டு நைட்டு முழுக்க கீழ நின்னு பாத்தவங்களுக்கு தெரியும் இதோட அருமை.

சிங்கப்பூர்ல நம்ம ஐசிய காட்டி பெரியவங்க சலுகை கேட்டா கிடைக்காது, அது அவங்க குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தரவாசி) ஆளுங்களுக்கும்தான். பிளைட்டுக்கு சீனியர் விலைன்னு யாராவது சொன்னா உடனே கட்டாதீங்க, சாதாரண புரமோஷன் விலையையும் பக்கத்துல வச்சு பாருங்க, லக்கேஜ் சேர்த்து கூட்டினா சில நேரம் புரமோஷனே மலிவு. வீல்சேர் வேணும்னா புக் பண்றப்பவே சொல்லிடுங்க, ஏர்போர்ட்ல போய் கேட்டா காத்திருக்க வேண்டி வரும்.

இப்ப அம்மா ஐசியோட போட்டோ என் போன்ல இருக்கு, நம்பர் பாக்கறதுக்கு மட்டும், கவுண்டர்ல அசல்தான் கேப்பாங்க. திரும்பி வர்றப்ப டிக்கட்ட அம்மாவே பக்கத்துல உக்காந்து "எமாஸ் போட்டியா, எமாஸ் போட்டியா"ன்னு கேட்டுத்தான் பட்டனையே அமுக்க விட்டாங்க.