சாய்வு சைக்கிளுக்கு இரும்புக் குழாய் வாங்குவது எப்படி?

ஆனி, ஆடியில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மேற்கே பாலக்காட்டை நோக்கி சைக்கிள் மிதித்தவர்களுக்கு எதிர்காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம். அதன் வழியாக வரும் பருவக்காற்று நேராக நெஞ்சில் மோதும். சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சாய்வு சைக்கிளில் காற்று மோதுகிற பரப்பு குறைவு. 1933-ல் பிரான்ஸ் நாட்டு சைக்கிள் வீரர் ஃபிரான்சிஸ் ஃபோர் இப்படி ஒரு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நின்ற சாதனையைத் தாண்டினார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகை வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. ஊருக்குள் ஓட்ட அந்த விதி நம்மைத் தடுக்காது. வீட்டிலேயே செய்யலாம். எந்தக் குழாய் வாங்குவது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில்: எந்தக் குழாய் சுமை தாங்குகிறது?

சாதாரண சைக்கிளில் சட்டம் முக்கோணமாக இருப்பதால் குழாய்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். சாய்வு சைக்கிளில் பெரும்பாலும் ஒரே நீளக் குழாய்தான் முதுகெலும்பு. முன்னால் பெடல், நடுவே சீட், பின்னால் சக்கரம், எல்லாம் அதன் மேல். முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து உதைப்பதால், நம் உடல் எடையைவிட அதிக விசையும் பெடலில் இறங்கும். அந்த உதையில் குழாய் வளைந்து வளைந்து நிமிர்ந்தால் கால் வலிமை வீணாகும், நாளடைவில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். அதனால் பணத்தையும் கவனத்தையும் முதுகுக் குழாயில் போடுங்கள்.

அடுத்தது: குறுக்களவு

புதிதாகச் செய்பவர்கள் "குரோமோலி கிடைக்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுதான் குரோமோலி. அது உறுதியானது, சந்தேகமில்லை. அதில் 4130 ரகம் நிரந்தரமாக வளைவதற்கு முன் சுமார் 435 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) தாங்கும். கட்டடச் சட்டங்களுக்கு வரும் ஒய்.எஸ்.டி. 210 ரகக் குழாய் 210 தாங்கும். ஆனால் விறைப்பில், அதாவது சுமை ஏறும்போது வளைந்து கொடுக்காமல் நிற்பதில், எல்லா எஃகும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை உயர்ந்த எஃகு வாங்கினாலும் ஒல்லிக் குழாய் ஒல்லிக் குழாய் போலவே வளையும்.

விறைப்பைத் தருவது குறுக்களவு. தடிமனை இரட்டித்தால் எடை இரண்டு மடங்கு, விறைப்பும் இரண்டு மடங்கு. அதே தடிமனில் குறுக்களவை இரட்டித்தால் எடை இரண்டு மடங்குதான், விறைப்போ எட்டு மடங்கு! ஒன்றேகால் அங்குலம் 14 கேஜ் குழாயும், இரண்டு அங்குலம் 18 கேஜ் குழாயும் மீட்டருக்குச் சுமார் 1.47 கிலோ. எடை ஒன்றே, ஆனால் இரண்டாவது இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பு.

இதற்கும் எல்லை உண்டு. குறுக்களவைத் தடிமனால் வகுத்தால் 50-க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலத்தில் 20 கேஜ் எடுத்தால் 56 வரும். கல் பட்டாலே நசுங்கிவிடும்.

கேஜ் கணக்கு, வெல்டிங் கணக்கு

கடையில் தடிமனை கேஜில்தான் சொல்வார்கள். எண் கூடினால் தடிமன் குறையும்: 14 என்றால் 2 மி.மீ., 16 என்றால் 1.6, 18 என்றால் 1.2, 20 என்றால் 0.9.

எதை வாங்குவது என்பதை உங்கள் ஊர் வெல்டிங் பட்டறைதான் முடிவு செய்யும். சாதாரண ஆர்க் வெல்டிங் மட்டும்தான் என்றால் 16 கேஜைவிட மெல்லியதற்குப் போகாதீர்கள், ஓட்டை விழும். சி.ஓ.டூ வெல்டிங் இருந்தால் 16 கேஜ் நிம்மதியாக ஒட்டும். ஆர்கான் வெல்டிங்கும் கை தேர்ந்த ஆளும் இருந்தால் 18 கேஜ் எடுக்கலாம்.

முதல் வண்டிக்கு என் சிபாரிசு ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 16 கேஜ். இது இரண்டு அங்குல 18 கேஜ் உருண்டைக் குழாய்க்குக் கிட்டத்தட்ட சமமான விறைப்பு. மீட்டருக்கு 350 கிராம் போல எடை கூடும், அவ்வளவுதான். உருண்டைக் குழாய் என்றால் ஒன்றின் முதுகில் இன்னொன்று இடைவெளியில்லாமல் உட்கார, நுனியை வளைவாகக் குடைய வேண்டும். சதுரத்தில் நேராக அறுத்து ராவினால் போதும்.

எதை வாங்கக் கூடாது

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தண்ணீர்ப் பைப் வேண்டாம். ஒன்றேகால் அங்குலம் என்பார்கள். வெளியளவு 42 மி.மீ., நடுத்தர ரகமே மீட்டருக்கு 3 கிலோவைத் தாண்டும். அதைவிட முக்கியம், வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகையாகி, சுவாசிப்பவருக்குக் குளிர்காய்ச்சல் வரும். படிக்கட்டுக் கைப்பிடிக்கு வரும் பளபள ஸ்டெயின்லெஸ் குழாயும் இதற்கு ஆகாது. நாற்காலி, கட்டில் செய்யும் மெல்லிய சி.ஆர். பைப்பை சீட் சட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஒரு முழு நீளம் 6 மீட்டர். விலை கிலோ கணக்கு. தராசு நமக்கு நல்ல சாட்சி. உருண்டைக் குழாய்க்கு, வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, வந்ததைத் தடிமனால் பெருக்கி, மறுபடி 0.02466-ஆல் பெருக்குங்கள் (அளவுகள் மி.மீ.-ல்). மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். ஒன்றரை அங்குலம் 1.6 என்றால் முழு நீளம் 8.6 கிலோ இருக்க வேண்டும். 7.6 காட்டினால் கையில் இருப்பது 1.4 மி.மீ. குழாய். வெர்னியர் கொண்டுபோனால் நுனியிலும் அளந்து பாருங்கள், பிசிறை ராவிவிட்டு.

அப்புறம், குழாய்க்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய வரப்பு மாதிரி ஒரு கோடு ஓடும். தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் ஒட்டிய இ.ஆர்.டபிள்யூ. தையல் அது. குறை இல்லை. வெளியே அந்தத் தையல் இருக்கும் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தில் பொருத்தும்போது அது மேலேயோ கீழேயோ வராமல் பக்கவாட்டில் வரட்டும். அங்கேதான் வளைவிசை குறைவு. உள்ளே துரு குழி விழுந்திருந்தால் வேறு நீளம் கேளுங்கள்.

பெடல் அச்சு உட்காரும் கூடு, முன் போர்க் நுழையும் கழுத்துக் குழாய், பின்சக்கரத்தைப் பிடிக்கும் சட்டம், இந்த மூன்றையும் புதிதாகச் செய்ய வேண்டாம். ஆக்ரிக் கடையில் (பழைய இரும்புக் கடையில்) பழைய சைக்கிள் சட்டம் வாங்கி அறுத்தெடுங்கள்; மரையும் அளவும் சரியாக இருக்கும். பெயிண்டை முழுக்கச் சுரண்டிய பிறகுதான் வெல்டிங்.

தேவையைவிட அரை மீட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெல்டரிடம் முதலில் அந்தத் துண்டைக் கொடுத்து ஒரு மூட்டு போடச் சொல்லி, அதை ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்வரை உருகிப் பிடித்திருந்தால், ஓட்டையும் விழாமல் இருந்தால், அந்தக் கரண்ட் அளவைக் குறித்துக்கொண்டு முதுகுக் குழாயைக் கையில் கொடுங்கள்.