பிராடிகைனின் சுருக்கம் சரிந்துகொண்டே போனபோது

மதுரை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் ஆய்வகம். திசுவை உயிரோடு வைக்கும் ஆர்கன் பாத் தொட்டியில் டைரோடு என்ற உப்புக் கரைசல், 37 டிகிரி, அதில் நூல் கட்டித் தொங்கும் கினிப்பன்றிச் சிறுகுடல். பிராடிகைனின் குடலைச் சுருக்கும் ஒரு பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு; அது செல்லில் போய் ஒட்டும் இடமான பி2 ஏற்பியைத் தடுக்கும் ஐகாட்டிபன்ட் என்ற மருந்தைச் சோதிக்க வேண்டும். ஆனால் மருந்து போடும் முன்பே, அதே அளவு பிராடிகைனினுக்குச் சுருக்கம் மதியத்துக்குள் பாதியானது. அடிப்படையே ஆடினால் தடுத்தது மருந்தா, வேறெதாவதா என்று எப்படிச் சொல்வது?

வேறு ஏற்பி வழியாகக் குடலைச் சுருக்கும் ஹிஸ்டமினைப் போட்டேன், குடல் ஜோராகச் சுருங்கியது. ஆக திசு நன்றாகத்தான் இருக்கிறது. மேசையில் கண்ணாடிக் குழாயில் இருந்த பிராடிகைனின் கரைசலை விட்டுவிட்டு, ஃப்ரீசரில் இருந்த மூலக்கரைசலிலிருந்து புதிதாக நீர்த்துப் போட்டதும் சுருக்கத்தைப் பதியும் பேனா பழைய உயரத்துக்கே ஏறியது. இந்தப் பெப்டைடு கண்ணாடியில் ஒட்டும், சூட்டில் வைத்தால் கெடும். பிளாஸ்டிக் குழாய், ஐஸ், அன்றன்றைக்கு நீர்த்த கரைசல் என்று மாற்றினேன். திசுவிலுள்ள ஏசிஇ என்சைம் பிராடிகைனினை உடைக்காமல் இருக்க, அந்த என்சைமைத் தடுக்கும் கேப்டோபிரில் மருந்தையும் சேர்த்தேன். டோசுக்கு டோஸ் நன்றாகக் கழுவி இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஏற்பி மரத்துப்போகும்.

அப்புறம் ஐகாட்டிபன்ட் போட்டபோது பிராடிகைனின் சுருக்கம் படுத்தது, ஹிஸ்டமின் சுருக்கம் அசையவே இல்லை. இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.