கவுன்சலிங் அறையில் பஞ்சாயத்து தேடாதீர்கள்

"நீங்களே சொல்லுங்க மேடம், யார் மேல தப்பு?" சிங்கப்பூரில் கணவன் மனைவியாக ஆலோசகரிடம் போகிறவர்கள் பலர் எப்படியோ இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். உடனே, "சும்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போதே அலுத்துக்கொள்வார்கள்.

காது கொடுத்துக் கேட்பதுதான் அங்கே வேலை. 1940களில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் முன்வைத்த முறை இது. வந்தவரின் இடத்திலிருந்து புரிந்துகொள்வது, நிபந்தனை போடாமல் மதிப்பது, ஆலோசகரும் வேஷம் கட்டாமல் உண்மையாக இருப்பது என்ற மூன்றும் கிடைத்தால், வழியை வந்தவரே கண்டுபிடிப்பார் என்பது அவர் நம்பிக்கை.

உதாரணத்துக்கு, "சாப்பிட்ட தட்டைக்கூட அவர் எடுக்கிறதில்லை" என்கிறீர்கள். "வீட்டில் உங்களை யாரும் மதிக்கவில்லை என்று தோன்றுகிறதா?" என்று ஆலோசகர் கேட்கிறார். உள்ளே இருப்பது அதுவல்ல, பயம். ஆனாலும் "ஆமாம் மேடம்" என்று தலையாட்டிவிடுகிறோம். படித்தவர் சொன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் ஆயிற்றே! அங்கே மட்டும் அந்த மரியாதை வேண்டாம். "இல்லை, அது இல்லை" என்று திருத்துங்கள். பல நேரம் உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

விபத்து, சிறுவயதில் நடந்த கொடுமை போன்றவற்றை முதல் நாளே கொட்டித் தீர்க்க வேண்டும் என்று நினைப்பது அடுத்த தவறு. "சொல்லிடு, மனசு லேசாகும்" என்று வீட்டார் நெருக்குவார்கள். ஆனால் தயாராகும் முன் சொல்ல வைத்தால் நிலைமை மோசமாகலாம். முதலில் ஓரளவு தூக்கமும் பாதுகாப்பும் வேண்டும். பேசும்போது மூச்சு முட்டினால் "இன்றைக்கு இது போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பது ஆபத்து. அறையில் சொன்னதற்கு வீட்டில் பழிவாங்கல் நடக்கலாம். தனியாகப் போங்கள். வன்முறைக்கான 24 மணி நேர உதவி எண் 1800-777-0000. நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கும் விண்ணப்பிக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1767ஐ அழையுங்கள்.

"இவனைக் கொஞ்சம் சரிபண்ணுங்க" என்று மகனையோ கணவரையோ இழுத்துப் போவதும் வேண்டாம். கைகட்டி உட்கார்ந்துவிட்டு அவர் எழுந்து வந்துவிடுவார். முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள்.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்று மகளை மொழிபெயர்க்க அழைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவின் படுக்கையறைத் துயரத்தை அந்தப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? குடும்பச் சேவை நிலையத்தில் நேரம் கேட்கும்போதே தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று சொல்லுங்கள். "தெரிஞ்சவங்களா இருந்தா ஊரெல்லாம் பரவிடுமே" என்ற பயம் இருந்தால் அதையும் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற சூழ்நிலைகளில் மட்டும் ரகசியம் காக்க முடியாமல் போகலாம். அதை முதல் நாளே விளக்குவது அவர் கடமை.

சரி, தனியாரிடம் போகிறீர்களா? மருத்துவருக்கு இருப்பதுபோல் இங்கே ஆலோசகருக்குச் சட்டப்படி உரிமம் கட்டாயமில்லை. படிப்பு, பயிற்சி, ஆலோசகர் சங்கப் பதிவு எல்லாவற்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது. பிடிக்கவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லி வேறு ஆளைக் கேளுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால், ஆள் மாற்றுவது சரியான முடிவுதான்.