மென்பொருள் போன பிறகும் படிக்க முடிகிற மாதிரி தரவை எடுத்து வைப்பது எப்படி

பேக்கப் இருக்கிறது, கவலை இல்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருமுறை, கட்டுரைகளையும் படங்களையும் சேமித்து வைக்கிற பழைய டிஜிட்டல் களஞ்சியம் ஒன்றின் பேக்கப்பைத் திறக்க வேண்டி வந்தது. உள்ளே எழுத்தும் எண்ணும் கலந்த நீளப் பெயர்களோடு ஆயிரக்கணக்கான கோப்புகள், எது கட்டுரை, எது படம், எந்தப் படம் எந்தக் கட்டுரைக்கு என்று ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் அந்த விவரமெல்லாம் டேட்டாபேஸ் டம்ப்பில் (டேட்டாபேஸை மொத்தமாகக் கொட்டி வைத்த நகலில்) இருந்தது, அதைத் திறக்கவோ அந்த மென்பொருளின் அதே பழைய பதிப்பு வேண்டியிருந்தது. பேக்கப் வேறு, ஆவணக் காப்பு வேறு. அதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு உள்ளடக்கத்துக்கும் ஒரு ஃபோல்டர். அதில் மூலக் கோப்பு அப்படியே, பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், தேதி, உரிமம் எல்லாம் சொல்லும் ஒரு ஜேசன் கோப்பு (விவரங்களைப் பெயரும் மதிப்புமாக எழுதும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு), யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில். தேதியை 2024-03-09 என்று ஆண்டு முதலில் வருகிற மாதிரி எழுதுங்கள். தொடர்புகளைக் குறிக்க டேட்டாபேஸ் வரிசை எண்ணைப் போடாதீர்கள், டேட்டாபேஸ் போனதும் அந்த எண் எதையும் சுட்டாது. எந்த மென்பொருளுக்குப் போனாலும் மாறாத நிரந்தர அடையாள எண்ணைப் போடுங்கள். வேர்ட் மாதிரி கோப்புகளுக்கு மூலத்தோடு ஒரு பிடிஎஃப்/ஏ (நீண்ட காலம் வைத்திருப்பதற்கான பிடிஎஃப் வகை) நகலும் வைக்கலாம், ஆனால் நகல் இருக்கிறதே என்று மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இந்த அமைப்பை நீங்களே யோசித்து உருவாக்க வேண்டியதில்லை. ஓசிஎஃப்எல் (ஆக்ஸ்ஃபோர்டு காமன் ஃபைல் லேஅவுட்) என்ற வரையறை இதற்காகவே வந்தது: 1.0 பதிப்பு 2020இல், 1.1 பதிப்பு 2022இல். ஃபெடோரா களஞ்சிய மென்பொருளின் (அதே பெயருள்ள லினக்ஸ் அல்ல) 6ஆம் பதிப்பு தரவை இந்த முறையில்தான் சேமிக்கிறது. ஃபோல்டருக்குள் வி1, வி2 என்று பதிப்புகள் இருக்கும், எழுதிய பதிப்பை மறுபடி தொடவே கூடாது, வி2வில் புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் வைத்தால் போதும். கூடவே இன்வென்டரி என்ற ஜேசன் கோப்பு, எந்தப் பதிப்பில் எந்தக் கோப்பு, அதன் எஸ்எச்ஏ-512 மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒரு குறி) என்ன என்று பட்டியல் போட்டு வைத்திருக்கும். ஐந்து வருடம் கழித்து அந்த மதிப்பை மறுபடி கணக்கிட்டால் ஒரு பைட் கெட்டிருந்தாலும் தெரிந்துவிடும். ஒரு முறை கட்டி இன்னொரு இடத்துக்கு அனுப்புவதுதான் வேலை என்றால் கோப்புகளை விவரப் பட்டியலோடு சேர்த்துக் கட்டும் பேக்இட் என்ற முறை போதும் (இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஆர்எஃப்சி 8493, 2018), அது இன்னும் எளிது.

கோப்புப் பெயரில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறோம். லினக்ஸின் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட், 'கோ' என்ற ஓர் எழுத்தே ('க'வும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியீடு) 6 பைட், ஆக நீளமான தலைப்பைப் பெயராக வைத்தால் பாதியிலேயே வரம்பு முட்டிவிடும். இன்னொன்று, 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம்: கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு பெயர். அதனால் கோப்புக்கு அடையாள எண்ணையே பெயராக வையுங்கள், தமிழ்த் தலைப்பு ஜேசனுக்குள் பத்திரமாக இருக்கட்டும்; அங்கேயும் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் யுனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். யுனிகோடு அல்லாத பழைய எழுத்துரு குறியாக்கத்தில் இருக்கும் உரையை இப்போதே யுனிகோடுக்குக் கொண்டுவாருங்கள், மாற்றும் கருவி இன்னும் கைக்குக் கிடைக்கிறபோதே. மாற்றும் முன் இருந்த கோப்பையும் கூடவே வைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததா? அப்புறம் இதைச் செய்து பாருங்கள். களஞ்சிய மென்பொருள் இல்லாத ஒரு கணினி, ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர், இந்த வேலையில் சேராத ஒருவர். ஏதாவது பத்து ஃபோல்டரைக் கொடுத்து, இது என்ன, யார் எழுதியது, முந்தைய பதிப்பில் என்ன இருந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அதற்கான விளக்கத்தை மேல் ஃபோல்டரில் ஒரு ரீட்மீ கோப்பில் எழுதுங்கள், ஓசிஎஃப்எல் வரையறையின் ஒரு நகலையும் அதன் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.