தாளுக்கு அடியில் போன அடிக்குறிப்பு

இராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில், மீன்பிடிப்புக் கணக்கைச் சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டி அறிக்கை எடுக்கும் வேலைக்குக் கடந்த மாதம் இரண்டு தம்பிகள் புதிதாக வந்தார்கள். அவர்கள் எடுத்த முதல் பிரதியைப் பார்த்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது. அட்டவணையின் அடிக்குறிப்பில் நான் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்து. எழுத்துப்பிழை, தலைப்பு விட்டுப்போனது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை தானாகக் கண்ணில் படும்.

ஃபுட்நோட்டை நம்பி விட்டுவிடுவது

சாஸில் ஃபுட்நோட் (footnote) என்று எழுதினால் குறிப்பு அட்டவணைக்குக் கீழே வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இணையப் பக்க வடிவமான ஹெச்டிஎம்எல்லில் எடுத்தால் அப்படித்தான் வரும். வேர்டில் திறக்கும் ஆர்டிஎஃப் (RTF) கோப்பாக எடுத்தால் அது வேர்டு பக்கத்தின் ஃபுட்டருக்குள், அதாவது தாளின் அடி ஓரப் பகுதிக்குள், போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு வரி அட்டவணை தாளின் உச்சியில் இருக்க, அதற்கான குறிப்பு ஒரு சாண் தள்ளித் தாளின் அடியில் கிடக்கும்.

அசிங்கமாக இருக்கிறது என்பதோடு போனால் பரவாயில்லை. இராமேசுவரம் விசைப்படகுகளின் மாதவாரிப் பிடிப்பை 2015 முதல் 2018 வரை ஒரே அட்டவணையாகப் போட்டிருந்தேன். கிழக்குக் கடற்கரையில் 2016 வரை மீன்பிடித் தடைக்காலம் 45 நாள், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. 2017இல் அது 61 நாளாகி ஜூன் 14 வரை நீண்டது. முன்பு ஜூன் முழுக்கப் படகு போனது, பிறகு பாதி ஜூன்தான். குறிப்பில் இருந்ததே அதுதான். அறிக்கை கேட்ட அலுவலகத்தில் ஒருவர் அட்டவணையை மட்டும் மவுஸால் இழுத்து நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டிக்கொண்டார். ஃபுட்டரில் இருப்பது அந்த இழுப்பில் வராது.

கூட்டத்தில் கேள்வி வந்தது: "ஜூன்ல பாதிக்குப் பாதி விழுந்திருக்கே, கடல்ல மீனே இல்லையா?" தங்கச்சிமடத்திலிருந்து வந்திருந்த சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர் சிரித்துவிட்டார். "சார், பாதி மாசம் படகு கரையில கட்டிக் கெடக்கு. கட்டிக் கெடக்குற படகுல மீன் எப்படி வரும்?" எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஸ்பைரல் போட்ட 40 பிரதிகளையும் ராமநாதபுரத்தில் மறுபடி அச்சடித்தோம். செலவு என் தலையில்.

ஆர்டிஎஃப் கோப்பை எடுக்கச் சொல்லும் ஓடிஎஸ் ஆர்டிஎஃப் (ODS RTF) வரியில் பாடிடைட்டில் (BODYTITLE) என்ற சொல்லைச் சேர்த்தால் குறிப்பு ஃபுட்டரை விட்டு மேலே ஏறி அட்டவணையை ஒட்டி நிற்கும். அதோடு தீராது. அது இயல்பாகவே நடுவில் நிற்கும்; இடப்பக்கம் தள்ள ஜே=எல் (J=L) கொடுத்தால் பக்கத்தின் ஓரத்துக்குப் போகுமே தவிர அட்டவணையின் ஓரத்துக்கு வராது. ஒடுக்கமான அட்டவணை நடுவில் நின்றால் குறிப்பு இடப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். அட்டவணை அகலத்தை 100 சதவீதம் ஆக்கிச் சமாளிக்கலாம். நான் இப்போது அதுவும் செய்வதில்லை. சாஸில் அட்டவணை போடும் ப்ராக் ரிப்போர்ட்டில் (PROC REPORT) கம்ப்யூட் ஆஃப்டர் (COMPUTE AFTER) என்ற கட்டளை எழுதி, உள்ளே லைன் (LINE) போட்டு, குறிப்பை அட்டவணையின் கடைசி வரிசையாகவே வைத்துவிடுகிறேன். யார் எங்கே இழுத்தாலும் கூடவே போகும். அட்டவணையின் ஓரமே அதற்கும் ஓரம்.

அட்டவணை பல பக்கம் ஓடினால் வேர்டு தன் இஷ்டத்துக்கு உடைக்கும், எங்கே உடையும் என்று சாஸுக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்திலும் குறிப்பு வேண்டுமென்றால் இருபது வரிக்கு ஒரு பக்கம் என்று ஒரு மாறியை நாமே உண்டாக்கி உடைக்க வேண்டும். எரிச்சலான வேலைதான், வேறு வழியில்லை.

பழைய குறிப்பு ஒட்டிக்கொள்வது

நண்டு அட்டவணைக்கு அடியில் கணவாய்க் குறிப்பு. சாஸில் ஒருமுறை எழுதிய ஃபுட்நோட், நீக்கும்வரை எல்லா அட்டவணைக்கும் வரும். வெறும் ஃபுட்நோட் என்று எழுதி அரைப்புள்ளி வையுங்கள். இன்னொன்று: முதல் குறிப்பைத் திருத்தி எழுதினால் இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லாமல் போய்விடும்.

எண்ணுக்குக் குறியாக எண்

வேண்டாம். 12 டன்னுக்கு மேல் போட்ட சிறிய 1, ஒட்டும்போது இறங்கி 121 டன் ஆகிவிடும்.

புள்ளியை விளக்காமல் விடுவது

விடுபட்ட மதிப்புக்குச் சாஸ் ஒரு புள்ளி வைக்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாளா, படகு போயும் கணக்கெடுக்க ஆள் வராத நாளா? இரண்டுக்கும் அதே புள்ளி. கூண்டு ஏற்றிய நாளுக்கு ஒரு குறி, ஆள் வராத நாளுக்கு வேறு குறி, இரண்டுக்கும் கீழே விளக்கம். போன வாரம் புதுத் தம்பி ஒருவர் கேட்டார்: "இந்தப் புள்ளியெல்லாம் பாக்க நல்லால்லண்ணே, அழிச்சிரவா?"

அழிக்க வேண்டாம், படகுத்துறையில் எழுதிய டைரியை எடுத்துட்டு வா என்றேன்.