‘டைடு ஓவர்’: கைமாற்றுக்குப் பொருந்தும், வீட்டுக் கடனுக்குப் பொருந்தாது

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. அந்த நாட்களில் கடலூர் முதுநகர்ப் பகுதி மீனவக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் தடைக்கால நிவாரணத்தை ஆங்கிலத்தில் சொல்ல ‘டைடு ஓவர்’ (tide over), அதாவது ஓர் இடர்க்காலத்தைக் கடக்க உதவுதல், என்னும் வினை மிகவும் பொருந்தும். ஏனெனில் தடை முடியும் நாள் தெரியும், அதுவரை சமாளிக்கவே அந்தத் தொகை. இந்த ‘அதுவரை’ என்பதை மறந்து, எல்லா உதவிக்கும் இவ்வினையைப் பயன்படுத்துவதுதான் நம் மாணவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு. சம்பளம் வரும்வரை வாங்கும் கைமாற்று ‘டைடு ஓவர்’ செய்யும். இருபது ஆண்டுத் தவணையில் அடைக்கும் வீட்டுக் கடன் செய்யாது.

அடுத்தது எழுத்துப்பிழை. ‘கட்டப்பட்ட’ என்று பொருள்படும் ‘டைடு’ (tied) என்ற சொல்லுக்கும் இதற்கும் உச்சரிப்பு ஒன்றே என்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே மாற்றி எழுதிவிடுகிறார்கள். ‘இந்த மாதம் கொஞ்சம் டைட் (tight)’ என்று பேசிப் பழகிய நமக்குக் கூடுதலாக இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே வருவது கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் ‘tide’ என்ற சொல்.

ஏற்றம் படகைத் தூக்கித் தடையைத் தாண்டி விடுவதாகச் சிலர் தரும் விளக்கமும் பிழையானது. கேப்டன் ஜான் ஸ்மித் 1627இல் வெளியிட்ட கடற்சொல் நூலில் இதன் பழம்பொருள் தெளிவாக இருக்கிறது: நீரோட்டம் போகவேண்டிய திசையில் இருக்கும்போது அதனோடு செல்வது, எதிராகத் திரும்பியதும் நங்கூரமிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருப்பது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் நீர்மட்டம் ஏற்றத்தின்போது 7 மீட்டர் வரை உயரக்கூடும் என்பதால், காற்று கைவிட்ட பாய்மரக் கப்பலுக்கு அது பெருந்துணை. ஏறக்குறைய ஒரு மீட்டரே ஏறி இறங்கும் நம் கரையில் நிற்பவருக்கு இது எளிதில் விளங்காதது இயல்பே. இடர்க்காலத்தைக் கடத்தல் என்ற பொருளும், பிறர் அதைக் கடக்க உதவுதல் என்ற பொருளும் பின்னர் வந்தவை.

சொல் வரிசையிலும் கவனம் வேண்டும். உதவி பெறுபவரைக் குறிக்கும் பிரதிப்பெயர் நடுவில்தான் வரும்: ‘டைடு மீ ஓவர்’ சரி, ‘டைடு ஓவர் மீ’ தவறு. இறந்தகால வடிவம் ‘டைடட்’.

நம் ஆங்கில நாளிதழ்களில் அடிக்கடி வரும் ‘டைடு ஓவர் தி கிரைசிஸ்’ என்பதைச் சில ஆசிரியர்கள் பிழை என்று அடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது மிகையான கண்டிப்பு. இடரையே செயப்படுபொருளாக்கும் அவ்வழக்கு பழைய பிரிட்டிஷ் எழுத்திலும் உண்டு. ஆயினும் இன்றைய பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கில் உதவி பெறும் மனிதரே பெரும்பாலும் அவ்விடத்தில் வருவதால், ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளை எழுதுவோர் அதைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது.