சிறு தொழிலின் மெயில் வேலையை யாரிடம் கொடுப்பது?

வாடிக்கையாளர்களுக்குத் தவறாமல் மெயில் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ததுமே எல்லோரும் ஆள் தேடத்தான் கிளம்புகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு இருக்கின்றன. முதல் வேலையைத் தவறவிட்டு நான் நன்றாகவே அடிபட்டிருக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: சாவி உங்கள் கையில் இருக்கட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் என் தொழிலின் மெயில் வேலையை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்தேன். மெயில் அனுப்பும் மென்பொருளில் அவர் தன் சொந்த முகவரியைக் கொடுத்துக் கணக்கு தொடங்கினார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஓராண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. கணக்கு அவர் பெயரில் இருந்ததால் எனக்கு உள்ளே நுழைய வழியில்லை. வாடிக்கையாளர் முகவரிகளைப் பழைய ரசீதுகளைப் புரட்டி ஓரளவு மீட்டுவிட்டேன். ஆனால் ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று விலகியவர்களின் பட்டியல் போனது போனதுதான். அது இல்லாமல் அனுப்பியபோது விலகியவர்களுக்கே மறுபடியும் மெயில் போனது. அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

ஆகவே டொமைன் (உங்கள் இணைய முகவரிப் பெயர்), மென்பொருள் கணக்கு இரண்டையும் தொழிலின் முகவரியில், உங்கள் பெயரில் தொடங்குங்கள். வேலை செய்பவருக்குத் தனி லாகின் கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை சேர்ந்தவர்கள் பட்டியலையும் விலகியவர்கள் பட்டியலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வேலையைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: தொழில்நுட்ப அமைப்பு, பட்டியல் பராமரிப்பு, எழுதுவது, வரும் பதில்களைக் கவனிப்பது. இத்தனையும் ஒரே ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தொழில்நுட்ப அமைப்பு என்பது பெரும்பாலும் ஒரு தடவை செய்கிற வேலை. மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்பதை நிரூபிக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகள் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. கூகுளின் கணக்கில், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அனுப்பினால் நீங்கள் அந்த வகை. அதைவிடக் குறைவாக அனுப்பினாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள். இதற்கு விஷயம் தெரிந்த ஒருவரைக் கூலிக்கு அழைத்துச் செய்துகொண்டால் போதும், மாதச் சம்பளத்துக்கு ஆள் தேவையில்லை.

எழுதும் வேலை அப்படியல்ல. அதுதான் இதில் கடினமானது.

படி 3: யார் பொருத்தம் என்று பாருங்கள்

சில நூறு முகவரிகள், மாதம் ஒன்றிரண்டு மெயில் என்றால் நீங்களே செய்யுங்கள். பிறகு வேறு ஒருவரிடம் கொடுப்பதாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் நீங்கள் செய்வது நல்லது. அப்போதுதான் நல்ல வேலை எது என்று உங்களுக்கே பிடிபடும்.

அப்புறம், உங்களிடம் ஏற்கெனவே வேலை செய்பவர்களைப் பாருங்கள். என் முதல் தேர்வு, வாடிக்கையாளரின் போனை எடுப்பவர்தான். சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியாள் எழுதினால் மெயிலின் தலைப்பு ‘எங்கள் சிறப்புச் சேவைகளைப் பெற்றிடுங்கள்!’ என்று இருக்கும். நாள் முழுக்கப் போன் எடுப்பவர், ‘பிரேக் கீச்சிடுகிறதா? முதலில் இதைத் துடைத்துப் பாருங்கள்’ என்று எழுதுவார். இரண்டில் எதை நீங்கள் திறப்பீர்கள்? எழுத்துப் பிழையை வேறு ஒருவர் திருத்திவிடலாம். வாடிக்கையாளரோடு பேசிப் பேசி வந்த இந்தப் பழக்கத்தை வெளியிலிருந்து வாங்க முடியாது. ஒன்று மட்டும்: இதற்கென வாரத்தில் சில மணி நேரம் அவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள். மற்ற வேலைகளுக்கு நடுவே செய்யச் சொன்னால் முதலில் விடுபடுவது மெயில்தான்.

உள்ளே ஆள் இல்லையென்றால் ஃப்ரீலான்சர். ஆன்லைன் விற்பனை பெருகி, வாங்காமல் விட்ட பொருளை நினைவூட்டுவது போன்ற தானியங்கி மெயில்கள் நிறைய தேவைப்பட்டால் ஏஜென்சி. ஏஜென்சியில் பேச வருபவர் வேறு, எழுதுபவர் வேறாக இருக்கலாம். எழுதப்போகிறவரோடு ஒருமுறை பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 4: ஒரு மெயில் எழுதச் சொல்லுங்கள்

காசு கொடுத்தே சொல்லுங்கள். வாடிக்கையாளர்கள் உண்மையில் கேட்ட மூன்று கேள்விகளைக் கொடுத்து, ஒன்றைப் பற்றி மெயில் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் அவர் உங்களிடம் என்னென்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். ஒன்றுமே கேட்காமல் எழுதித் தருபவரை நான் எடுப்பதில்லை.

கூடவே இரண்டு கேள்விகள். பட்டியலை எப்படி வளர்ப்பீர்கள்? ‘முகவரிகளை விலைக்கு வாங்கலாம்’ என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கேட்காதவருக்கு அனுப்பினால் ஸ்பேம் என்று புகார் வரும். கூகுள் வைத்திருக்கும் எல்லை 0.3 சதவீதம், அதாவது 1,000 மெயிலுக்கு 3 புகார். அடுத்தது, பலன் வருகிறதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ‘ஓப்பன் ரேட்’ (மெயிலைத் திறந்தவர்களின் சதவீதம்) என்று மட்டும் சொன்னால் போதாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், ஒருவர் மெயிலைத் திறக்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கில் ஏறலாம். கிளிக், பதில், ஆர்டர் என்று பேசுபவரே விஷயம் தெரிந்தவர்.

படி 5: ஒப்பந்தத்தை எழுதி, சோதித்துப் பாருங்கள்

மாதம் எத்தனை மெயில், அனுப்புமுன் யார் சரி சொல்வது, விலகியவரை யார் நீக்குவது (கூகுள், யாஹூ விதிப்படி 2 நாளுக்குள்) என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வேலை செய்பவர் விட்டுப் போகும் நாளிலேயே அவருடைய லாகினை எடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முதல் மெயிலை உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். போனில் திறந்து படியுங்கள். வாடிக்கையாளர் கேட்பது போல ஒரு கேள்வியைப் பதிலாக அனுப்புங்கள். அது யாருடைய இன்பாக்ஸில் விழுகிறது, எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது என்று பாருங்கள். பதில் வந்த பிறகு விலகும் இணைப்பை அழுத்தி, உங்கள் பெயர் பட்டியலிலிருந்து போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டும் சரியாக நடந்தால், மறுநாள் எல்லோருக்கும் அனுப்பலாம்.